மூட்டைக் கணக்கு: மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி அகற்றப் போன தன்னார்வலர் குழு – ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் யாருடைய பெயரையும் ஊரையும் தரவில்லை. பணி நடந்த மூன்று தீவுகளும் மண்டபம் குழுமத்தைச் சேர்ந்தவை. அவற்றை முதல் தீவு, நடுத்தீவு, கடைசித் தீவு என்றே குறிக்கிறேன். குழுவை ஒருங்கிணைத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இதில் சொல்லும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே கரையை ஒட்டினாற்போல் 21 தீவுகள். தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என்று நான்கு குழுமங்களாக அவற்றைப் பிரித்திருக்கிறார்கள். 1986இல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 21 என்பது பழைய கணக்கு. பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. பெயரில் இருக்கும் ‘சல்லி’, நொறுங்கிய பவளத் துண்டுகளைக் குறிக்கும் சொல். சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்த பவளக்கல்தான் அலையை மறித்து அந்தத் தீவுகளைக் காத்தும் வந்தது.

எங்கள் பணி கப்பாபைகஸ் என்ற பாசியைப் பற்றியது. இது நம் கடலில் பிறந்ததல்ல. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்துக் கடல்களைச் சேர்ந்தது. 1984இல் ஆராய்ச்சிக்காக இந்தியாவுக்கு வந்து, முதலில் குஜராத் கரையிலும் பிறகு மண்டபத்திலும் வளர்த்துப் பார்க்கப்பட்டது. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் காரஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது. 2000 வாக்கில் வணிக வளர்ப்பு தொடங்கி, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, பாசித் துண்டுகளை முடிந்து, 45 நாளில் அறுத்தார்கள். அந்த வளர்ப்பை முன்னெடுத்த ஒரு குளிர்பான நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே இந்தப் பாசியைக் குறிப்பிடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்புச் செலவு அதில்தான் நடந்தது. அதை மறந்துவிட்டு இந்தப் பாசியைப் பற்றிப் பேசக்கூடாது.

2005இல் வந்த அரசாணை, வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வட பகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் ஒதுக்கியது. 2008இல் குருசடைத் தீவின் பவளத்தின் மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பது ஆய்விதழில் பதிவானது. பிறகு சிங்கில் தீவு, முள்ளித் தீவுப் பக்கங்களிலும் கண்டார்கள். பவளத் தலையின் (உருண்டு திரண்ட பவளத்தின்) மேல் தடித்த மெத்தைபோல் மூடி, வெளிச்சத்தை மறைத்து, அடியில் இருப்பதைச் சாகடிக்கும். விதை போட்டுப் பரவுகிற செடியல்ல. ஒடிந்த துண்டே புதுச் செடியாகிவிடும். தெப்ப வளர்ப்பு முழுவதும் இந்தக் குணத்தை நம்பித்தான் நடக்கிறது. இது எங்களுக்கும் தெரிந்த செய்திதான். தெரிந்தும் கீழே சொல்லப்போகிறபடி நடந்துகொண்டோம்.

குழு

முப்பது பேருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தோம். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். இரண்டு ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், முக்குளிப்புப் பயிற்சி பெற்ற ஐந்து பேர். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் தீவுக் கரைகளில் பிளாஸ்டிக் பொறுக்கினோம். பாரில் (கடலடிப் பவளப்பாறையில்) சிக்கிய தங்கூசி (நைலான்) வலைகளை அறுத்து எடுத்தோம். தீவில் காலெடுத்து வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். எங்களுக்கு நாள் குறிப்பிட்டு அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு முறையும் வனக்காவலர் ஒருவர் உடன் வந்தார்.

பிளாஸ்டிக் பொறுக்கிய காலத்தில் எங்களிடம் இருந்த ஒரே அளவுகோல் மூட்டை. இன்று இத்தனை மூட்டை, போன மாதம் இத்தனை மூட்டை என்று துணிப்பதாகையில் எழுதிப் படம் எடுப்போம். அந்த வேலைக்கு அது சரியான கணக்குதான். பிளாஸ்டிக் பிய்ந்தால் இரண்டு துண்டு குப்பை, அவ்வளவே. அதே கணக்கை உயிருள்ள ஒன்றின் மேல் ஏற்றியதுதான் எங்கள் முதல் தவறு. அன்று யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை.

முதல் பருவம்

தை பிறந்து பங்குனி முடிய தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளியும். சித்திரையில் சூடேறி, வைகாசியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) எழுந்தால் நாட்டுப்படகு தீவை நெருங்குவதே பாடு. ஆகவே தை முதல் பங்குனிக்குள் நான்கு பயணம் என்று வைத்துக்கொண்டோம். படகு வாடகையை மிச்சப்படுத்த ஒரே நாளில் மூன்று தீவு. காலை ஆறரைக்கு முதல் தீவு, பத்து மணிக்கு நடுத்தீவு, வெயில் உச்சிக்கு வரும்போது கடைசித் தீவு. படகும் கையுறையும் பைகளும் எல்லாத் தீவுக்கும் ஒன்றே.

பாசியைப் போட வெங்காய மூட்டையின் சிவப்பு வலைப்பை எடுத்துப் போனோம். தண்ணீர் உடனே வடிந்துவிடும், தூக்க எளிது என்று நினைத்தோம். ஒன்றரை ஆள் ஆழத்தில் மூச்சடக்கி இறங்கி, கைக்குக் கிடைத்ததை அள்ளித் திணித்து, நிரம்பிய பையைத் தீவின் மணலில் குவித்தோம். இரண்டு அணிகள், இரண்டு அணிக்கும் போட்டி. ஒரு நாளில் நாற்பது மூட்டையைத் தாண்டிய அன்று கைதட்டினோம். படகில் இடம் போதாமல் சில மூட்டைகள் இரவு தீவிலேயே கிடந்தன. மறுநாள் எடுக்கப் போனபோது இரண்டு பைகள் பாதி காலியாக இருந்தன. கடல் ஏற்றத்தில் தண்ணீர் வந்து இழுத்திருக்கிறது. அதை அன்றைய குறிப்பேட்டில் ‘இழப்பு: 1 மூட்டை’ என்று எழுதியவன் நான்தான்.

கரையில் கண்டது

மூன்றாவது பயணம் முடிந்து கரைக்கு வந்ததும் வனக்காவலர் ஒரு பையைத் தார்ப்பாயில் கொட்டச் சொன்னார். கோபமெல்லாம் இல்லை, பார்க்க வேண்டும் என்றார். பச்சையும் பழுப்புமாக, குருத்தெலும்புபோல் விறைத்த கிளைகள் வழுக்கிக்கொண்டு சரிந்தன. அவர் குந்தி உட்கார்ந்து விரலால் கிளறினார். பாசியின் அடிப்பிடியோடு ஒட்டியபடி விரல் நீளத்தில் மான்கொம்புப் பவளத் துண்டு ஒன்று வந்தது. முனை வெளிறியிருந்தது, உடம்பில் இன்னும் கோழை. பக்கத்திலேயே இன்னொன்று. அந்த ஒரு பையில் பதினோரு துண்டுகள். அவற்றைத் தார்ப்பாயின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001 முதல் பவளங்கள் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அந்த விரல் நீளத் துண்டுக்கும் உண்டு. பவளத்தைக் காக்கப் போன நாங்கள் அதை ஒடித்து மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தோம்.

கரையில் பாசி எடுக்கும் பெண்கள் சிலர் சாக்குகளோடு வண்டிக்குக் காத்திருந்தார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று இயற்கையாய் வளர்வதை எடுப்பவர்கள் அவர்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை கட்டி மூச்சடக்கிப் போவார்கள். காற்றுக் குப்பி கிடையாது. அவர்களில் மூத்தவர் ஒருவர் எங்கள் வலைப்பையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணி வழியே கட்டைவிரல் அளவுத் துண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

“இதுலயா தம்பி அள்ளுனீங்க? தண்ணிக்குள்ள பிதுங்கி எங்கெங்க போச்சோ. ஒண்ணைப் பிச்சா ஒம்பதா வரும்.”

மாணவர்களில் ஒருவன் கேட்டான். “அப்ப எப்படிக்கா எடுக்குறது?”

“வேரைப் பிடி. அதுக்கு மொதல்ல அவசரத்த விடு.”

பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னது எங்களை அதைவிடக் குத்தியது. “எங்களைத் தீவுப் பக்கம் வராதேங்குறாக. உங்களுக்குச் சீட்டுக் குடுத்து அனுப்புறாக.”

நிறுத்திவைத்ததும் அதன் காரணமும்

நான்காவது பயணத்தை ரத்து செய்தோம். குழுவில் எல்லோருக்கும் சம்மதமில்லை. எடுக்காமல் விட்டால் பாசி இன்னும் படருமே, குறையோடாவது செய்வோம் என்பது ஒரு தரப்பு. எங்கள் கையால் பரவுகிறதா, தடுக்கப்படுகிறதா என்றே தெரியாதபோது தொடரக்கூடாது என்பது மறுதரப்பு. முடிவைத் தள்ளிப்போடாமல் பார்த்துவிட்டே பேசலாம் என்று, இரண்டு வாரம் கழித்து அனுமதி பெற்று ஆறு பேர் மட்டும் முதல் தீவுக்குப் போனோம். எங்களைக் கேள்வி கேட்ட அந்த மூத்த பெண்ணையும் அழைத்துப் போனோம்.

நாங்கள் சுத்தம் செய்த திட்டிலிருந்து நீவாடு (கடல் நீரோட்டம்) போகும் திசையில் அவர் நீந்தினார். நாங்கள் பின்னால் போனோம். பதினைந்து அடி தள்ளி, மூளைப் பவளத்தின் மடிப்பு ஒன்றில் கட்டைவிரல் அளவுப் பாசித் துண்டு சொருகி நின்றது. அதை மெல்ல அசைத்துக் காட்டினார். வரவில்லை; பிடித்துவிட்டது. அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரத்துக்குள் அதுபோல் பலவற்றைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நாங்கள் அள்ளிய திட்டிலோ, அடிப்பிடிகள் அப்படியே இருந்து, ஒவ்வொன்றிலும் புதுக் குருத்து.

எங்கள் வேலையால்தான் பரவியது என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது. வாடைக்காலத்தில் பாம்பன் கால்வாய் வழியே வடகடல் (பாக் விரிகுடா) தண்ணீர் தென்கடலுக்கு இறங்கும். அதோடு துண்டுகள் வந்திருக்கலாம். ஆனால் மறுக்கவும் எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை. இத்தனை மூட்டை என்பதைத் தவிர நாங்கள் எதையும் அளந்திருக்கவில்லை.

மாற்றிக்கொண்டவை

மழைக்காலம் முழுவதும் பேசி எடுத்த முடிவுகள் இவை. முதலாவது, ஒரு நாளுக்கு ஒரே தீவு. படகு மாறாது என்றால் சாமான்களாவது மாற வேண்டும். பை, கையுறை, துடுப்புச் செருப்பு எல்லாம் நல்ல தண்ணீரில் அலசி இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகே அடுத்த தீவுக்கு. தீவுகளைத் தனித்தனியாக நினைத்துத்தான் அதுவரை போய்வந்தோம். உண்மையில் அவற்றை ஒன்றோடொன்று கோத்தது எங்கள் படகு. நங்கூரக் கயிற்றில் சுற்றி வரும் ஒரு முழப் பாசி போதும், கடலின் வேலையை நாங்களே முடித்துவிடலாம்.

வலைப்பை போய், கொசுவலைத் துணியில் தைத்த பை வந்தது. வாயில் கயிறு இழுத்துச் சுருக்கலாம். இருவர் சேர்ந்து வேலை செய்வது என்றானது: ஒருவர் எடுக்க, மற்றவர் நீவாடு போகும் பக்கம் கொசுவலை கட்டிய வளையத்தைப் பிடித்து நிற்பார். ஒடிந்து மிதப்பது அதில் வந்து சிக்கும். எடுத்தது எதுவும் தீவின் மணலில் இறங்காது; நேராகப் படகு, படகிலிருந்து கரை, கரையில் ஏற்றம் தொடாத மேட்டில் காயப்போடுவது.

கிளைப் பவளத்துக்குள் பின்னிப்போன இடங்களைத் தொடுவதில்லை என்பதுதான் மனசுக்கு ஒப்பாத முடிவு. அங்கே கை வைத்தால் பவளம் ஒடியும், விட்டால் பாசி மூடும். தலைப்பவளங்களின் மேல் உள்ளதை முதலில் எடுப்போம், கிளைப்பவளத்தை வனத்துறையின் ஆய்வாளர்களிடம் விட்டுவிடுவோம் என்று தீர்மானித்தோம். அதோடு சித்திரை முதல் எல்லா வேலையும் நிறுத்தம். 2010இலும் 2016இலும் கோடையில் கடல் கொதித்துப் பவளங்கள் வெளுத்தன. அந்த நேரத்தில் அவற்றின் பக்கம் கைகால் படுவதே கூடுதல் சுமை.

ஹவாய்த் தீவுகளின் கானியோஹே விரிகுடாவிலும் இதே பாசி பரவியது. அங்கே தெப்பத்தில் பொருத்திய உறிஞ்சு குழாயால் இழுத்து எடுத்து, மிச்சத்தைத் தின்னக் கடல் முள்ளெலிகளை வளர்த்து விட்டார்கள். அதையும் குழுவில் ஒருவர் முன்வைத்தார். தேசியப் பூங்காவுக்குள் ஓர் உயிரைக் கொண்டுபோய் விடுவது தன்னார்வலர் எடுக்கும் முடிவல்ல என்று ஐந்து நிமிடத்தில் அந்தப் பேச்சை மூடிவிட்டோம். வேறிடத்திலிருந்து கொண்டுவந்த உயிரால்தானே இத்தனையும்.

கூலிப் பிரச்சினை

பெண்களை உடன் அழைப்பது என்று முடிவானதும் எழுந்த வாக்குவாதம், பாசியைப் பற்றிய வாக்குவாதத்தைவிடக் காரசாரமானது. எல்லோரும் சொந்தச் செலவில் வரும்போது சிலருக்கு மட்டும் கூலியா, அப்படியானால் இது தன்னார்வப் பணியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாணவனுக்கு ஒரு ஞாயிறு போவதும் அவர்களுக்கு ஒரு கடல் நாள் போவதும் ஒன்றல்ல. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்றை எங்களுக்குத் தருவதென்றால் அன்றைய அடுப்புக்கு யார் பொறுப்பு?

அன்று பாசியில் கிடைத்திருக்கும் வருமானத்துக்குச் சமமான தொகை என்று முடிவானது. அதைக் கூலி என்று சொல்லாமல் ‘பயிற்றுநர் கட்டணம்’ என்று கணக்கில் எழுதினோம். தண்ணீருக்குள் யார் எங்கே இறங்குவது என்பதை அவர்களே சொல்வார்கள் என்பதால் அந்தப் பெயர் பொய்யுமல்ல. ஆறு பெண்கள் வந்தார்கள். குழுவிலிருந்து இரண்டு பேர் விலகினார்கள்.

இரண்டாம் பருவம்

ஒவ்வொரு தீவிலும் இருபது பவளத் தலைகளுக்கு எண் வைத்து, அரை மீட்டர் பிவிசி சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். அடுத்த முறை அதே தலை, அதே கோணம். இனி அதுவே எங்கள் கணக்கு.

வேகம் விழுந்துவிட்டது. முன்பு நாற்பது மூட்டை வந்த நேரத்தில் இப்போது மூன்று, நான்கு பை. பெண்கள் துணி சுற்றிய விரலை அடிப்பிடிக்குக் கீழே நுழைத்து, முன்னும் பின்னுமாக நெம்பி, பிடி தளர்ந்ததும் ஒரே கொத்தாகத் தூக்குவார்கள். பார்க்க எளிது. எங்களில் பலருக்கு அது கைவர மூன்று பயணம் ஆனது. இரண்டு பேருக்கு வரவேயில்லை. அவர்கள் வளையம் பிடிப்பதோடு நின்றுகொண்டார்கள்.

படகுச் செலவில் ஒரு பகுதியை ஏற்றுவந்த நன்கொடையாளர், மூட்டை எண்ணிக்கை ஏன் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று கேட்டார். விளக்கினோம். அடுத்த ஆண்டு பணம் வரவில்லை. அவர்மேல் வருத்தமில்லை. மூட்டையைக் காட்டிக் காட்டி அவரைப் பழக்கியவர்கள் நாங்கள்தானே.

விளைவு

இரண்டு பருவம் இப்படிப் போனோம். முதல் தீவில் எண் வைத்த இருபது தலைகளில் பதினான்கு, கடைசிப் படத்தில் சுத்தமாக இருந்தன. மீதி ஆறில் திரும்ப முளைத்திருந்தாலும் உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. இங்கே பாசி திட்டுத்திட்டாக இருந்ததும், மாதம் ஒருமுறையாவது போக முடிந்ததும் காரணம்.

நடுத்தீவில் தோற்றோம். அங்கே திட்டு அல்ல, வயல். மேலே உரித்தால் அடியில் பவளம் முன்பே செத்துக் கறுத்திருந்தது. எடுத்த இடத்தை அடுத்த மாதம் பக்கத்துப் பாசி சாய்ந்து மூடியது. இரண்டாம் பருவத்தின் நடுவில் அந்தத் தீவைக் கைவிட்டு, இருந்த நாட்களை முதல் தீவுக்குத் திருப்பினோம். அதை முன்பே செய்திருக்க வேண்டும். போட்ட உழைப்பு வீணாகக்கூடாது என்ற எண்ணம் மூன்று பயணங்களை விழுங்கியது.

கடைசித் தீவில் நாங்கள் முதல் பருவத்தில் நங்கூரம் போட்ட இடத்தை ஒட்டி இரண்டு புதுத் திட்டுகள் தென்பட்டன. நீவாட்டோடு வந்தவையா, எங்கள் கயிற்றோடு வந்தவையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அறிக்கையில் இரண்டையும் எழுதிக் கொடுத்தோம். நங்கூரம் என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எடுக்கவில்லை.

மறுபடி தொடங்குவதானால்

முதல் பயணத்திலேயே ஒரு கொத்துப் பாசியும் எடுக்கமாட்டோம். எண் வைப்போம், படம் எடுப்போம், திரும்பி வருவோம். எந்தத் தீவில் வயலாகிவிட்டது, எதில் திட்டாக நிற்கிறது என்று பார்த்து, திட்டு உள்ள இடத்தில் மட்டும் கை வைப்போம். மாதம் ஒருமுறை போக முடியாத தீவை ஆரம்பத்திலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம்.

பெண்களைக் கேட்டுவிட்டு அனுமதிக்கு விண்ணப்பிப்போம், விண்ணப்பித்துவிட்டுக் கேட்கமாட்டோம். இப்போதைய அனுமதிச் சீட்டில் அந்த ஆறு பேரும் பயிற்றுநர் என்றே இருக்கிறார்கள். பாசி எடுக்க அவர்கள் தீவுப் பக்கம் போவது பற்றிய பிரச்சினை அப்படியேதான் நிற்கிறது; அதை எங்கள் வேலை தீர்க்கவில்லை.

படகுக்காரரான சம்மாட்டியிடமும் முதல் நாளே பேசியிருக்க வேண்டும். நங்கூரக் கயிற்றைத் துடைத்து ஏற்றுங்கள் என்று நாங்கள் சொல்லத் தொடங்கியது இரண்டாம் பருவத்தில். “இதை மொதல்லயே சொல்லிருந்தா செஞ்சிருப்பேனே சார்” என்றார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வெங்காயப் பைகள் ஒரு கட்டாக என் வீட்டு மாடியில் கிடக்கின்றன. கரையில் பிளாஸ்டிக் பொறுக்கப் போகும்போது மட்டும் எடுத்துப் போகிறோம்.